மாட்டுக்கொட்டாய் மேல் ஒரு கண்ணீர் அஞ்சலி

நான் படித்தவள் இல்லை. பத்தாம் வகுப்பு பாஸ் செய்தேன். பதினொன்றில் சேர்ந்து அரையாண்டுப் பரீட்சையோடு நின்றுவிட்டேன். ஆனாலும் பல வருஷமாக தினமும் எதையாவது எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். அதெல்லாம் மற்றவர்கள் வாயில் போடுகிற எழுத்து. நடிக்கிறவர் பேசி முடித்ததும் தாளைக் கசக்கிப் போட்டுவிடலாம். நான் என்று தொடங்கி என்னைப் பற்றி எழுதுவது இதுதான் முதல் தடவை. இவளுக்கு எதற்கு இந்த வேலை என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. மூன்று தடவை எழுதிக் கிழித்தாயிற்று. நாலு வரிக்கு ஒரு தடவை எழுந்து போய், கழுவிய டம்ளரையே மறுபடியும் கழுவிவிட்டு வருகிறேன்.

இதில் யார் பெயரையும் சொல்லப்போவதில்லை. பெயரால் பட்டது போதும்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பிரிண்டிங் கடையில் டைப் அடிக்கச் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, கிரகப்பிரவேசம். பேனர் வந்த பிறகு கண்ணீர் அஞ்சலி. சாவு விழுந்த வீட்டு ஆட்கள் கடை திறக்கும்போதே படியில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கையில் இறந்தவரின் போட்டோ, இன்னொரு கையில் பெயர்கள் எழுதிய தாள். நான் எழுதக் கற்றுக்கொண்டது அந்தத் தாள்களில்தான். பிறந்த தேதி தப்பாக இருந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். பெயர் வரிசை மாறினால் அடிதடிதான். பெரிய மருமகனுக்கு முன்னால் சின்ன மருமகன் பெயர் வந்துவிட்டது என்று தியாகதுருகத்திலிருந்து ஒரு குடும்பமே வேன் பிடித்து வந்து கடை வாசலில் சண்டை போட்டது. பிணம் வீட்டில் கிடந்தது. அன்று சாயங்காலம் பஸ்ஸில் அதை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து சீட்டு அம்மா ஒரு மாதிரி பார்த்தார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். வீட்டுக்குப் போனதும் அந்தச் சண்டையை அப்படியே எழுதி வைத்தேன்.

கடைக்கு மாடியில் லோக்கல் கேபிள் டிவி. அதன் முதலாளி நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரங்களுக்கு என்னிடம் வசனம் எழுதி வாங்குவார். ஒரு நாள் விளம்பரத் தாளோடு மருமகன் சண்டைத் தாளும் கலந்து மேலே போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. முதலாளி இறங்கி வந்தார்.

"இது யாரு எழுதினது?"

"தெரியலைங்க."

"உன் கையெழுத்துதானே இது?"

"ஆமாங்க."

இப்படித்தான் தொடங்கியது. வாரம் ஒரு நாள், அரை மணி நேரக் காமெடி நாடகம். ஒரு வீடு, ஒரு மாமனார், வீட்டோடு இருக்கும் இரண்டு மருமகன்கள். பதினோரு வருஷமாக ஓடுகிறது. இரண்டாம் வருஷம் முதலாளி, "இனிமே எல்லாத்தையும் நீயே பாத்துக்கோ" என்றார். டைட்டிலில் எழுத்து, தயாரிப்பு இரண்டுக்கும் என் பெயரைப் போட்டார். தயாரிப்பு என்பது பெரிய விஷயம் இல்லை. படம் பிடிக்க யாரிடமாவது வீடு கேட்க வேண்டும், அந்த வீட்டு நாயைக் கட்டச் சொல்ல வேண்டும், இட்லி வாங்கி வர வேண்டும், இரவல் சோபாவைக் கீறல் இல்லாமல் திருப்பித் தர வேண்டும். எல்லாமே ஆட்களிடம் பேசுகிற வேலை. எனக்கு வராத வேலை. ஒரு வீட்டில் போய்க் கேட்பதற்கு முன் அந்தத் தெருவை மூன்று தடவை சுற்றி வருவேன்.

எழுதியதை வாசித்துக் காட்டவும் மாட்டேன். தாளை நடிப்பவர்கள் கையில் கொடுத்துவிட்டு அந்த வீட்டு அடுப்படிக்குப் போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வேன். எந்த வரியில் சிரிக்கிறார்கள், எந்த வரியில் இருமுகிறார்கள் என்று காதாலேயே தெரிந்துவிடும். இருமிய வரியை அங்கேயே, அரிசி டின் மேல் தாளை வைத்து மாற்றுவேன். பதினோரு வருஷத்தில் இந்த ஊரில் எத்தனையோ அடுப்படிகளில் நின்றாகிவிட்டது.

மாமனாராக நடிப்பவருக்குக் கச்சிராயபாளையம் ரோட்டில் பஞ்சர் கடை. என்னைவிட மூத்தவர். கல்வராயன் மலையில் பிறந்து இளவயதில் கீழே வந்துவிட்டவர், மனைவி, இரண்டு பையன்கள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடும்போது ஒரு முகம் வைத்திருப்பார். கேமரா முன்னாலும் அதே முகம்தான். அவர் சிரிக்க மாட்டார், ஊரே சிரிக்கும். என்னை ரைட்டரம்மா என்று கூப்பிடுவார். அதைக் கேட்பவர்கள் நான் போலீஸ் ஸ்டேஷனில் வேலை பார்ப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

நான் எழுதியதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை சேர்க்க மாட்டார், ஒன்றைத் தவிர. வழுக்கி விழுகிற காட்சியில், அடிபடுகிற காட்சியில் எல்லாரும் அம்மா என்று கத்துவார்கள். இவர் "யக்கோவ்!" என்று கத்துவார். முதல் தடவை அடுப்படிக்குள்ளேயே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் போகும்போது அதைச் சொல்லிக் கத்தின. பிறகு நானே தாளில் எழுதத் தொடங்கினேன். ஏன் அப்படிக் கத்துகிறீர்கள் என்று கேட்டதில்லை. டீ குடிச்சீங்களா என்பதற்கு மேல் அவரிடம் நான் எதையும் கேட்டதில்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு வாரத்துக்கு அந்தப் பழைய பேனர் சண்டையை மறுபடி எடுத்தேன். மாமனார் தன் சாவுக்குத் தானே முன்கூட்டி பேனர் அடிக்கிறார். எந்த மருமகன் பெயர் முதலில் என்று வீடே இரண்டாகிறது. அதற்காக எங்கள் கடையிலேயே நிஜமான அளவில் ஒரு கண்ணீர் அஞ்சலி அடித்தேன். நடுவில் மாலை போட்ட மாதிரி அவருடைய போட்டோ, கீழே அவருடைய சொந்தப் பெயர். நாடகத்திலும் அவருக்கு அதே பெயர்தான். மறைவு என்ற இடத்தில் படப்பிடிப்பு நாளையே போட்டேன். வருந்துவோர் வரிசையில் மனைவி, மகள்கள், மருமகன்கள், பேரப்பிள்ளைகள் என்று நானாக ஒரு குடும்பத்தை உண்டாக்கினேன். டைப் அடிக்க அடிக்க கை தானாகப் போயிற்று. படப்பிடிப்பும் நன்றாக வந்தது.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. உபயோகம் முடிந்த பேனர்களைக் கேட்டு வருகிறவர்களுக்குச் சும்மா கொடுத்துவிடுவோம். கூரை மேல் போட, களத்தில் விரிக்க, மாட்டுக்கொட்டாய் மூட என்று வாங்கிப் போவார்கள். ஆனால் கண்ணீர் அஞ்சலி பேனர் என்றால் முகத்தை பிளேடால் வெட்டி எடுத்துவிட்டுத்தான் கொடுப்போம். செத்தவர் முகம் மாட்டின் தலைக்கு மேல் கிடக்கக் கூடாது. படப்பிடிப்புக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை மலையிலிருந்து ஒரு அம்மா வந்து, "பெரிய ஷீட்டா ஒண்ணு குடும்மா, கொட்டாய் ஒழுவுது" என்று கேட்டபோது இதைத்தான் மடித்துக் கொடுத்தேன். பிளேடைக் கையில் எடுத்தேன். ஆள்தான் உயிரோடு இருக்கிறாரே, இதை எதற்கு வெட்டுவது என்று வைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் சனிக்கிழமை சென்னையில் ஒரு டிவியிலிருந்து போன் வந்தது. பேனர் வாரத்தைப் பார்த்திருக்கிறார்கள். பதின்மூன்று வாரம் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். வெள்ளிக்கிழமை முதல் வாரத்தை எடுக்கும்போது ஆள் வந்து பார்ப்பார்களாம். நான் ஆமாங்க ஆமாங்க என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில், "அந்த மாமனார் கண்டிப்பா இருக்கணும். அவர் இல்லன்னா எங்களுக்கு வேணாம்" என்றார்கள். ஆமாங்க என்றேன். போனை வைத்ததும் மாடிக்கு ஏறினேன், சொல்லாமல் இறங்கினேன், மறுபடி ஏறினேன். என் வயதில் இனி இன்னொரு போன் வராது என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை புதுத் தாள்களை எடுத்துக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போனேன். அவர் தொட்டியில் டியூபை அமுக்கிப் பிடித்திருந்தார். நான் டயர் குவியலுக்குப் பக்கத்தில் நின்று, எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது மலை பஸ் வந்து நின்றது. மூன்று பெண்கள் இறங்கினார்கள். இறங்கும்போதே மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். நடுவில் வந்தவருக்கு அறுபது வயதிருக்கும். கையில் ஒயர் கூடை. அதில் புது வேட்டியும் துண்டும் தெரிந்தன. காரியத்தன்று செத்தவர் படத்துக்கு முன்னால் வைத்துப் படைக்கும் கோடித்துணி. நேராகப் பஞ்சர் கடையைப் பார்த்து வந்தார்கள்.

அவர் டியூபிலிருந்து கண்ணை எடுத்து, "யார் வூட்லம்மா சாவு?" என்றார்.

அழுகை பட்டென்று நின்றது. கூடை வைத்திருந்தவர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"டேய்."

"அக்கா?"

"நீ சாவலியாடா?"

"இல்லக்கா. இன்னாக்கா ஆச்சு?"

"அப்ப கொட்டாய் மேல படுத்துகினு இருக்கறது யாருடா?"

அவர் ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்துவிட்டது. கேமரா முன்னால் ஒரு நாளும் சிரிக்காத அந்த மனுஷன் அன்றைக்குப் பார்த்துச் சிரித்தார். தொட்டித் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கூட வந்த இரண்டு பெண்களில் ஒருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அக்கா சிரிக்கவில்லை.

"சிரி. நல்லா சிரி. மூணு நாளா சோறு தண்ணி எறங்காம அழுதுகினு கெடந்தேன். நீ சிரி."

"டிவிக்காக எடுத்ததுக்கா. சும்மா காமெடி."

"பக்கத்து வூட்டுப் பையன வுட்டு பேரெல்லாம் படிக்கச் சொன்னேன். மருமவனுங்கன்னு ரெண்டு பேரு படிச்சான். எனக்குத் தெரியாம ரெண்டு பொண்ணப் பெத்து, கட்டியும் குடுத்துட்டான் போலன்னு அதுக்கும் சேத்து அழுதேண்டா. பேரப்புள்ளைங்க பேரு இருக்குது. எவன் எவன் பேரோ இருக்குது. கூடப் பொறந்தவ பேரு இல்ல. ஒன் கல்யாணப் பத்திரிகையிலயும் நான் இல்ல. சாவுலயும் இல்ல."

அவர் சிரிப்பு அடங்கிவிட்டது. அக்கா கூடையிலிருந்து வேட்டியையும் துண்டையும் எடுத்துக் காற்றடிக்கும் மிஷின் மேல் வைத்தார்.

"இது திரும்பி வூட்டுக்கு வராது. இனிமே அந்தப் பொட்டியில நீ மூஞ்சி காட்டினா, நெசமாவே இதப் போத்திக்கினு போயிட்டன்னு நெனச்சிக்கறேன்."

எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸைக் கை நீட்டி நிறுத்தி ஏறிவிட்டார்கள். அவர் ரொம்ப நேரம் அந்தத் துணியைத் தொடவில்லை. டியூபை எடுத்துத் துடைத்தார். ஓட்டை இருந்த இடத்தை மறுபடி தேட வேண்டியதாகிவிட்டது.

"என்னைப் பெத்தவங்க சீக்கிரமே போயிட்டாங்க ரைட்டரம்மா. அக்காதான் தூக்கி வளத்தாங்க" என்றார். "சொல்லாம கீழ வந்து கல்யாணம் பண்ணிக்கினேன். இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. அப்புறம் இன்னிக்குத்தான் வந்தாங்க. நான் சிரிச்சுட்டேன்."

சென்னை போன் விஷயத்தைச் சொன்னேன். அந்த நேரத்தில் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அப்போது சொல்லாவிட்டால் அப்புறம் சொல்ல முடியாது என்று பயந்துவிட்டேன்.

"நான் வரலம்மா" என்றார்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் நான் ஓர் இடத்தில் நிற்கவில்லை. முதலாளி, "வேற ஒரு பெரிசப் புடிச்சுப் போடு" என்று கத்தினார். வேறு ஆள் என்றால் அவர்களுக்கு வேண்டாம் என்றேன். "அப்ப அவன் கால்லயாவது வுழு" என்றார். பஞ்சர் கடைக்குப் போனேன், அவர் தலை நிமிரவில்லை, திரும்பி வந்தேன். மாமனார் ஊருக்குப் போய்விட்டதாக ஒரு வாரம் எழுதிப் பார்த்தேன். மாமனார் இல்லாத வீட்டில் இரண்டு மருமகன்களும் பேச ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். கிழித்தேன். கடையில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரத்தை மாற்றி அடித்துவிட்டேன். நல்லவேளை பெண் வீட்டார் பார்த்துவிட்டார்கள். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து சென்னைக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று போனை எடுப்பேன். வைப்பேன்.

புதன்கிழமை சாயங்காலம் மறுபடி போனேன். "நீங்க ஒரு தடவ மலைக்குப் போய் அக்காகிட்ட பேசக் கூடாதுங்களா?" என்று கேட்டேன். பதினோரு வருஷத்தில் அவரிடம் கேட்ட பெரிய கேள்வி அதுதான்.

"அவங்களா வரச் சொன்னா வரேன். நானா போய்க் கேக்க மாட்டேன். எந்த மூஞ்சியோட போறது?"

அவர் முகம் ஏற்கெனவே அங்கே இருக்கிறது, பத்து அடி நீளத்தில் என்று எனக்குள் ஒரு வரி ஓடியது. என்னை நானே திட்டிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை முதல் மலை பஸ்ஸில் ஏறினேன். பையில் ஒரு பிளேடு, புதுத் தார்ப்பாய் ஒன்று, நாலு வரியில் ஒரு மன்னிப்பு. மன்னிப்பை எழுதி, அடித்து, திருத்தி எழுதியிருந்தேன். கோமுகி அணை தாண்டி பஸ் வளைந்து வளைந்து ஏறியது. எனக்குத் தலை சுற்றியது. ஆனாலும் மனசு சும்மா இருக்கவில்லை. அக்கா கதவைத் திறக்கிறார், நான் இப்படிச் சொல்கிறேன், அவர் அப்படிச் சொல்கிறார் என்று காட்சியாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் வேறு வேறு மாதிரி எழுதினேன். எல்லாவற்றிலும் நான் நன்றாகப் பேசினேன்.

வெள்ளிமலை தாண்டி அந்த ஊரில் இறங்கியதும் யாரிடமும் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. ரோட்டிலிருந்தே கொட்டாய் தெரிந்தது. அதன் மேல் அவர் மாலையோடு வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தார். மார்பில் ஒரு கோழி நடந்துகொண்டிருந்தது. கொட்டாய்க்காரம்மா என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"நீ குடுத்த ஷீட்டு ஒரு சொட்டு ஒழுவலம்மா! பளபளப்பு மேல இருந்தாதான் தண்ணி வழியும்னு இந்தப் பக்கமா போட்டேன். அதுக்குப் போயி இன்னா ரகள."

அக்கா எதிர்வீட்டு வாசலில் மரவள்ளிக் கிழங்கு மலைபோல் கொட்டி, தோல் சீவிக்கொண்டிருந்தார். சுற்றி நாலைந்து பெண்கள். நான் போய் நின்றேன். அவர் நிமிரவில்லை. பஸ்ஸில் பேசிய ஒரு வார்த்தையும் வாயில் இல்லை. பைக்குள் கையை விட்டுத் தாளை எடுத்தேன்.

"இன்னா, அதையும் எழுதிக்கினு வந்தியா?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். ஆட்கள் முன்னால் நின்று நான் கேட்ட முதல் சிரிப்பு அது. கதவுக்குப் பின்னால் கேட்பது போல இல்லை. காது சூடாகிவிட்டது. தாளை மடித்துப் பைக்குள் போட்டேன்.

"தப்பு என்னுதுங்க" என்றேன். "முகத்தை வெட்டிட்டுக் குடுத்திருக்கணும். பிளேடு கொண்டாந்திருக்கேன். வேற பாயும் கொண்டாந்திருக்கேன். அதை எடுத்துடறேங்க."

"அது கெடக்கட்டும். ஒண்ணு கேக்கறேன். பொய் சொல்லாம சொல்லு. என் பேர வுட்டுடச் சொல்லி அவன் சொன்னானா?"

"இல்லைங்க. அவர் அந்த வரிசையைப் பார்க்கவே இல்ல. எல்லாம் நானா போட்ட பேருங்க. அவருக்கு அக்கா இருக்கறதே எனக்குத் தெரியாதுங்க."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு மோசமான பதில் என்று தெரிந்தது. அக்காவின் கத்தி நின்றுவிட்டது.

"எத்தினி வருஷமா அவன்கூட வேல செய்யற?"

"பதினொண்ணு."

"பதினோரு வருஷத்துல ஒரு நாளு, ஒரு வாட்டி, எனக்கு ஒரு அக்கா இருக்கான்னு சொன்னதில்ல?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பொய்யாக ஒரு பேச்சை உண்டாக்குவதுதான் என் தொழில். தினமும் உங்களைத்தான் சொல்வார், உங்கள் கை சோற்றைச் சொல்வார் என்று மூன்று நிமிஷத்துக்கு வசனம் நாக்கில் வந்து நின்றது. விழுங்கினேன்.

"சொன்னதில்லைங்க. நானும் கேட்டதில்ல" என்றேன். பிறகு எங்கிருந்து வந்ததோ, "ஆனா நாடகத்துல அவரு கீழ விழுந்தா, அடிபட்டா, அம்மான்னு கத்த மாட்டாருங்க. யக்கோவ்னு கத்துவாரு. நான் எழுதிக் குடுத்து வந்தது இல்லைங்க. அவரா கத்த ஆரம்பிச்சது. பதினோரு வருஷமா அப்படித்தான்" என்றேன்.

அக்கா கையிலிருந்த கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த வயசான பெண், "சின்னதுல முள்ளு குத்தினாகூட அப்படித்தான் கத்துவான். மல மேல கத்தினா கீழ ஓடை வரைக்கும் கேக்கும்" என்றார்.

"உன்ன யாரு கேட்டா?" என்றார் அக்கா. எழுந்தார். சேலையில் கையைத் துடைத்தார். "பேனா வச்சிருக்கியா? மழையில அழியாத பேனா?"

கடையில் அளவு குறிக்க எப்போதும் ஒரு மார்க்கர் பையில் கிடக்கும். காட்டினேன்.

"ஏறு."

"எங்கங்க?"

"கொட்டாய் மேலதான். என் பேர எழுது. வெட்டவும் வேணாம், எடுக்கவும் வேணாம்."

ஏணி கொண்டுவந்தார்கள். என் வாழ்க்கையில் நான் மேடை ஏறியதில்லை. ஏணியில் ஏறும்போது ஊரே கீழே நின்றுவிட்டது. கொட்டாய்க்காரம்மா மட்டும், "யம்மா, மூங்கில் மேல கால வையி, ஓலை மேல வைக்காத, வுட்டுக்கினு போயிடப்போவுது, மாட்டு மேலதான் வுழுவ" என்று கத்திக்கொண்டே இருந்தார். நான் மண்டியிட்டுத் தவழ்ந்து பெயர் வரிசை இருந்த இடத்துக்குப் போனேன்.

"அங்க வேணாம்!" என்றார் அக்கா. "பொண்டாட்டி பேருக்கு மேல."

"மேல இடம் இல்லைங்க. மேல அவர் போட்டோதான் இருக்குது."

"அப்ப அது மேலயே எழுது. நெத்தியில எழுது."

அவருடைய நெற்றி ஒரு முழம் அகலம் இருந்தது. வெயிலில் சுட்டது. அக்கா பெயரைச் சொல்லச் சொல்ல எழுதினேன். முன்னால் 'அக்கா' என்று போட்டேன். கடையில் எத்தனை பெயர் அடித்திருப்பேனோ கணக்கில்லை. இத்தனை பயத்தோடு ஒன்றையும் எழுதியதில்லை. ஒரு கொம்பு விட்டுப்போய்விட்டதோ என்று இரண்டு தடவை எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். பேர் படித்த அந்தப் பக்கத்து வீட்டுப் பையன் கீழேயிருந்து படித்து, சரியாக இருக்கிறது என்றான்.

இறங்கலாம் என்று காலை எடுத்தபோது கூட்டத்தில் ஒரு பெரியவர், "ஏம்மா, அப்ப என் பேரு? நானும் பங்காளிதான். அவன் அப்பனுக்கு நான் தம்பி முறை" என்றார்.

"உன்னுது எதுக்கு? நீ அழுதியா?" என்றார் அக்கா.

"நீ அழுவும்போது பக்கத்துல ஒக்காந்துகினு இருந்தது யாரு?"

"என் வூட்டுக்காரரு பேரும் போடும்மா. அவருதான் கீழ வரைக்கும் தொணைக்கு வர்றேன்னாரு, பஸ்ல எடமில்ல" என்றார் இன்னொருவர். கொட்டாய்க்காரம்மா, கொட்டாய் என்னுது, என் பேரு இல்லாம எப்படி என்று சண்டைக்கு வந்தார். யார் பெயர் முதலில் என்று கீழே தகராறு. இதைத்தான் நான் எழுதியிருந்தேன். இதே வார்த்தைகளில் எழுதியிருந்தேன். அப்போது இது எனக்குச் சிரிப்பாக இருந்தது. இப்போது கொட்டாய் மேல் மண்டியிட்டு, ஒரு பெயரும் விட்டுப்போகக் கூடாதே என்று வியர்த்து வழிய எழுதினேன். உயிரோடு இருக்கிறவருக்குக் கண்ணீர் அஞ்சலி என்று யாருக்கும் தோன்றவில்லை. கன்னத்தில் இரண்டு, மாலை மேல் நாலு, சட்டைக் காலரில் ஒன்று. மார்க்கர் தீர்ந்துபோனதால் நின்றது.

இறங்கி வந்ததும் கேட்டேன். "நாளைக்கு அவரு நடிக்க வரலாங்களா?"

அக்கா மறுபடி கிழங்குக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் சீவினார்.

"அந்த வேட்டிய கட்டிக்கினு வரச் சொல்லு. அது சும்மா கெடக்கக் கூடாது. இங்க எந்த வூட்ல அந்தப் பொட்டி தெரியும்னு கேட்டு வைக்கறேன்."

நான் கொண்டுபோன தார்ப்பாயைக் கொட்டாய்க்காரம்மா வாங்கிக்கொண்டார். அது கிழங்கு காயவைக்க ஆகும் என்றார். பிளேடைத் திரும்பக் கொண்டுவந்தேன். மத்தியான பஸ்ஸில் இறங்கும்போது கால் முட்டி இரண்டும் எரிந்தன. எதையும் காட்சியாக யோசிக்க முடியவில்லை. அப்படியிருந்தும் இருப்புக்கொள்ளாமல் நாலு தடவை சீட் மாறி உட்கார்ந்தேன்.

பஞ்சர் கடை வாசலில் இறங்கி அக்கா சொன்னதைச் சொன்னேன். அவர் டயர் கழற்றும் கம்பியைக் கீழே வைத்தார்.

"பேர எங்க எழுதினீங்க?"

"நெத்தியிலங்க."

கிரீஸ் கையால் நெற்றியை ஒரு தடவை தடவிக்கொண்டார். மிஷின் மேல் அந்தத் துணி அப்படியே இருந்தது. அதன் மேல் நாலு நாள் தூசி.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் படப்பிடிப்பு. அவர் ஆறேமுக்காலுக்கே வந்துவிட்டார். அந்த வேட்டியைத்தான் கட்டியிருந்தார். ஓரத்தில் மஞ்சள் தடவியிருந்ததால் கேமராக்காரர் மாற்றச் சொன்னார், அவர் மாற்றவில்லை. சென்னை ஆட்கள் பத்து மணிக்கு வந்தார்கள். மழை பிடித்துக்கொண்டதால் மூன்று மணிக்குத்தான் முதல் காட்சியை எடுக்க முடிந்தது. அதுவரை சென்னை ஆட்களும் காத்திருந்தார்கள்.